நகம் தட்டும் இடம்

ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது, சாருலதா குனிந்து உள்ளே போய்விட்டாள். போன பிறகுதான், இப்படிக் குனிந்து நுழைகிறவர்கள் கடையில் வேலை பார்க்கிறவர்களாகத்தான் இருப்பார்கள் என்று உறைத்தது. திரும்பிப் போகலாமென்றால் இன்னொரு தடவை குனிய வேண்டும். நின்றாள். ஒன்பது மணியிலிருந்து எதிர்ப்பக்கத்துப் பேக்கரி வாசலில் நின்று இந்த ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் யாரும் இருக்கக் கூடாது, அதுதான் வேண்டும். முந்தைய மூன்று சனிக்கிழமைகளும் மதியத்தில் வந்தாள். மூன்று தடவையும் தச்சுவேலைக்காரர்கள் கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, டீ குடித்துக்கொண்டு, ஸ்க்ரூவை அளவு சொல்லாமல் விரலால் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் முறை வந்ததும் கடைக்காரர் அவினாசியப்பன் புருவத்தை உயர்த்துவார், எல்லாத் தலைகளும் திரும்பும், அவள் வாய் தானாக "மரப்பசை ஒரு டப்பா" என்று சொல்லிவிடும். வீட்டில் இப்போது மூன்று டப்பா பசை இருக்கிறது. மூன்றாவதைப் பார்த்த அன்றைக்கு அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமலே, "ஏஞ்சாரு, பசைக்கடை வெக்கறயா என்ன?" என்றாள். அதனால்தான் இன்றைக்குக் காலையில். கோயமுத்தூரில் சனிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு எந்தத் தச்சரும் கடைக்கு வரமாட்டார், வேலையைத் தொடங்கிய பிறகுதான் எது இல்லையென்று தெரியும். இவ்வளவும் யோசித்திருந்தாள். அவினாசியப்பன் சாமி படத்துக்கு ஊதுபத்தி சுற்றிவிட்டு, புகையைக் கல்லாப்பெட்டிக்கும் ஒரு சுற்று காட்டிவிட்டு, அவளைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தார். "வாங்கம்மணி. இன்னைக்குப் போணியே நீங்கதானுங்." அது ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

போணி. முதல் ஆள் வெறுங்கையோடு போனால் அன்றைய வியாபாரம் முழுக்கப் படுத்துவிடும் என்று நம்புகிற தெரு இது. யாரும் பார்க்காமல் வர வேண்டுமென்று வந்தவள், இந்தத் தெருவிலேயே அதிகமாகப் பார்க்கப்படுகிற ஆளாக ஆகிவிட்டாள். பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல முடியாது. இது வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஊதுபத்தி இன்னும் புகைந்துகொண்டிருக்கிறது. "பசைதானுங்ளே?" என்று அவர் அலமாரிப் பக்கம் திரும்பினார். நினைவு வைத்திருக்கிறார். அந்தக் கை மேல்தட்டு வரை போய்விட்டது, டப்பாவைத் தொட்டால் முடிந்தது, நான்காவது பசை. "பிஸ்கட் ஜாயினர்" என்றாள். கடைசி எழுத்து அவளுக்கே கேட்கவில்லை. ஆனால் அவர் கை நின்றது. "மிஷினுங்ளா?" "ஆமாங்ண்ணா." "வீட்டுக்காரருக்குங்ளா, அப்பாருக்குங்ளா?" அவள் தலையை ஆட்டினாள். ஆமாவுக்கும் இல்லைக்கும் பொதுவாக ஓர் ஆட்டல் உண்டு, இருபத்தாறு வருடத்தில் அதை நன்றாகப் பழகி வைத்திருக்கிறாள். அவர் ஏணியை இழுத்துப் போட்டு ஏறினார். அப்பாருக்கு என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும். அப்பாவிடம் போய், இந்தாங்கப்பா, உங்கள் கட்டிலைப் பிரித்துவிட்டோம், அதைச் சேர்க்க ஒரு மிஷின் வாங்கியிருக்கிறேன் என்று. ஈரோட்டில் அவருக்கு இப்போது வேறு கட்டில் இருக்கும். ஒன்பது வருடமாக இருக்கும்.

கட்டிலைப் பிரிக்கச் சொன்னது அம்மாதான். அப்பா வீட்டை விட்டுப் போன பிறகு அம்மா அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை. கட்டிலின் இடப்பக்கத்தில் மட்டும் படுத்தாள். வலப்பக்கத்தில் மடித்த துணிகள் இருந்தன, முதலில் ஒரு அடுக்கு, பிறகு இரண்டு, பிறகு இஸ்திரிப் பெட்டியும் அங்கேயே வந்துவிட்டது. சித்திரை மாதம் ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே வந்து நின்று, "அந்தக் கட்டலக் கழட்டிப் போட்டு வேற என்னமாச்சும் பண்ணிரு சாரு. டேபிளு மாதிரி. ரண்டு பேரும் தரையில குந்திச் சாப்பிட்டு முட்டி போச்சு" என்றாள். கேட்டு முடித்துவிட்டு வாய் கொப்பளிக்கப் போய்விட்டாள். அவ்வளவுதான். அம்மா தனக்கென்று கேட்டது சாருலதாவுக்குத் தெரிந்து அது ஒன்றுதான். மெத்தையைச் சுருட்டிவிட்டுப் பார்த்தபோது ஐந்து தேக்குப் பலகைகளில் இடப்பக்கத்து இரண்டு மட்டும் கறுத்து, எண்ணெய் இறங்கி, வழவழவென்று இருந்தன. வலப்பக்கத்து மூன்றும் ஒன்பது வருடம் ஆள் படாமல் வெளுத்துக் கிடந்தன. எந்தப் பக்கத்தில் ஆள் இருந்தது, எந்தப் பக்கத்தில் இல்லை என்று மரம் எழுதி வைத்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றதை அம்மாவும் பார்த்தாள். "வரிசையா வெக்காத. கலைச்சுப் போட்டு ஒட்டு" என்றாள். இழைப்புளி போட்டால் நிறம் கொஞ்சம் சமமாகும், அது அவளுக்குத் தெரியும். ஆனால் கலைத்துப் போட்டு ஒட்டினாலும் இணைப்பு ஏறி இறங்கி நின்றால், எந்தப் பலகை எங்கே முடிகிறது என்று சோறு சாப்பிடும்போது கை தடவித் தெரிந்துகொள்ளும். அம்மாவின் கைக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். பலகைகள் ஐந்துதான். சேர்ப்பதற்கு வெட்டுகிற காடி ஒன்று தப்பாக விழுந்தால் விழுந்ததுதான், மரத்தில் அழிரப்பர் வேலை செய்யாது.

போன வருடம் செய்த அலமாரித் தட்டு நினைவுக்கு வந்தது, வராமல் இருக்குமா. யூட்யூபில் பார்த்துப் பார்த்துக் கற்ற கை. மரக்குச்சி வைத்துச் சேர்க்கிற முறை, துளைக்கு நேராகத் துளை வர வேண்டும், ஒரு மயிரிழை விலகினாலும் குச்சி மன்னிக்காது. விலகியிருந்தது. தெரிந்தும் சுத்தியலால் தட்டி இறக்கினாள். மரம் வாய் விட்டுப் பிளந்தது, அந்தச் சத்தம் இன்னும் பல்லில் இருக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லாமல் பிளவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து அதன் மேல் பருப்பு டப்பாக்களை அடுக்கினாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பிஸ்கட் அப்படி இல்லை. பிஸ்கட் என்றால் தின்கிற பிஸ்கட் இல்லை, அழுத்திச் செய்த மரச்சில்லு, கண் மாதிரி இரண்டு முனையும் கூராக. இரண்டு பலகைகளின் ஓரத்திலும் பிறை போல ஒரு காடி வெட்டி, பசை விட்டு, பாதி இதற்குள்ளும் பாதி அதற்குள்ளுமாகச் செருகினால் ஈரத்தில் அது உப்பிப் பிடித்துக்கொள்ளும். காடி சில்லைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். அதனால் பசை காய்கிறதற்குள் பலகையை இப்படி அப்படி நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். பக்கவாட்டில் கொஞ்சம் தாராளம் உண்டு. மேலே கீழே மட்டும் ஒன்றும் கிடையாது. அந்தத் தாராளம்தான் அவளுக்குப் பிடித்தது, அந்தக் கண்டிப்புதான் மூன்று வாரமாகத் தூங்கவிடவில்லை. மிஷினின் முன்தகடு பிளேடுக்கு ஒரே நேராக இல்லாவிட்டால் காடி ஒரு பக்கம் லேசாக ஏறும். ஒரு பலகையில் பார்த்தால் தெரியாது. எதிர்ப் பலகையைக் கொண்டுவந்து சேர்க்கும்போது, இதில் ஏறின இடத்துக்கு நேராக அதில் இறங்கியிருக்கும், தப்பு இரண்டு மடங்காகும். தனித்தனியாக இரண்டும் நல்ல பலகைதான். எதிரெதிரே வைத்தால்தான் தெரியும். அதற்காகத்தான் கட்டில் பலகையில் அறுத்த மிச்சத்தில் ஒரு அடித் துண்டு இரண்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். பை கனத்தது. எடுத்து வெளியே வைக்கவில்லை.

அவினாசியப்பன் இரண்டு பெட்டிகளோடு இறங்கினார், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. "பச்சை ஒசந்த பீஸுங். வெளிநாட்டுச் சரக்கு, ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. செவப்பு நம்ம லோக்கலு, சத்தம் போடும். ஊட்டு வேலைக்குப் பச்சையே எடுத்துக்குங்க, கை நோகாது." பச்சைதான். அவளும் பச்சை என்றுதான் முடிவு செய்திருந்தாள், நூற்றுப்பத்து விமரிசனம் படித்திருக்கிறாள், ஒன்றில்கூடக் குறை இல்லை. ஆகையால் சரி என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவருக்குப் போணி ஆகும், ஊதுபத்தி அணைவதற்குள் இவள் பேருந்தில் இருப்பாள். ஓட்டிக் காட்டச் சொன்னால் என்ன நினைப்பார். பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று சிரிப்பார். சிரிக்காவிட்டாலும், போணி நேரத்தில் பெட்டியைப் பிரித்துவிட்டு வேண்டாம் என்றால். "சரியா இருக்குதுங்களாம்மணி? பில்லுப் போடட்டுங்ளா?" சரியா இருக்கா. பன்னிரண்டு வயதில் செருப்புக் கடையில் அப்பா இதையேதான் கேட்டார். பக்கத்தில் அம்மா பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைக்காரர் குந்தி உட்கார்ந்து அவள் பாதத்தை அழுத்திப் பிடித்திருந்தார், அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், சரியா இருக்கா, சரியா இருக்குப்பா என்று அவள் சொன்னாள். ஒரு வருடம் கட்டைவிரலை உள்ளுக்கு மடக்கி நடந்தாள். அம்மாவுக்குத் தெரியும். இரவில் விரலில் எண்ணெய் தடவிவிடுவாள், ஏன் சொல்லவில்லை என்று கேட்டதில்லை, ஏனென்றால் அம்மாவும் புடவைக் கடையில் அப்பா எடுத்துப் போட்ட கருநீலத்தைத் தோளில் போட்டுப் பார்த்துச் சரியா இருக்கு என்றுதான் சொல்வாள். வீட்டில் நான்கு கருநீலப் புடவை உண்டு. அப்பா போன பிறகு அம்மா ஒன்றைக்கூடக் கட்டி அவள் பார்த்ததில்லை. அந்தச் சொல்லை இந்த வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள். வேலை பார்க்கிற ஆலையில் அவளுக்கு இந்தச் சிக்கலே இல்லை. நூல் பரிசோதனைக்கூடத்தில் நூல் ஓடும், விரல் நுனியில் தடிப்பு தட்டுப்படும், தாளில் ஒரு குறி போடுவாள், மொத்த லாட்டும் திரும்பிப் போகும். வாயைத் திறக்க வேண்டியதில்லை. இங்கே தாள் இல்லை. "பில்லுப் போடட்டுங்ளா?" என்று இரண்டாவது தடவை கேட்டார். செருப்புக்குள் கட்டைவிரல் மடங்கியிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். இந்தச் செருப்பு சரியான அளவு. யாரும் மடக்கச் சொல்லவில்லை.

பையிலிருந்து துண்டுகளை எடுத்து கவுன்டரில் வைத்தாள். பேசுவதைவிட வைப்பது சுலபமாக இருந்தது. அவர் எடுத்துத் திருப்பிப் பார்த்தார், ஒன்றில் கொசுவலைக் கம்பு நின்ற ஓட்டை இருந்தது, அதில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். "கட்டல் மரமுங்ளா?" "எங்கம்மா கட்டலுங்ண்ணா. டேபிள் பண்றேன்." "நீங்ளா?" "நானுங்." அவர் சிரிக்கவில்லை. மரத்தை மோந்து பார்த்தார். "பழைய தேக்கு. இதெல்லாம் இப்பக் கெடைக்காதுங். என்ன பண்ணோணும்?" "இதுல ஓட்டிப் பார்க்கோணும்." சொல்லிவிட்டாள். அவர் சாமி படத்தை ஒரு பார்வை பார்த்தார், அவளும் பார்த்தாள், பிறகு அவர் பச்சைப் பெட்டியின் டேப்பைக் கிழித்தார். இரண்டு துண்டுகளுக்கும் சேர்த்து ஒரு பென்சில் கோடு போட்டாள். ஒன்றைக் கவுன்டர் ஓரத்தில் அவர் அழுத்திப் பிடித்தார், அவள் முன்தகட்டை மேல்முகத்தில் படிய வைத்துத் தள்ளினாள். பச்சை மிஷின் முனகவே இல்லை, பூனை மாதிரி போய்விட்டு வந்தது. தேக்கு வாசம் எழுந்தது, வாசத்துக்குள் அம்மாவின் தேங்காயெண்ணெய் வாசமும் இருந்தது, மரத்துக்குள் அத்தனை வருடமாக இருந்தது இந்தக் கடையில் வெளியே வந்தது. அடுத்த துண்டு. சில்லைச் செருகிச் சேர்த்தாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆள்காட்டி விரல் நகத்தை வைத்து, இந்தப் பலகையிலிருந்து அந்தப் பலகைக்கு இழுத்தாள். நடுவில் சமம். மேல் ஓரத்தில் நகம் டக்கென்று நின்றது. கீழ் ஓரத்தில் நிற்காமல் இறங்கியது, திரும்பி இழுத்தால் அங்கே நின்றது.

நூற்றுப்பத்துப் பேர் நன்றாக இருக்கிறது என்று சொன்ன மிஷின். அப்படியானால் தப்பு கையில். கையில்தான் இருக்கும், எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. நகம் வளர்ந்திருக்கிறது, அதனால் தட்டுகிறது. ஆனால் நகம் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது, அதை அவர் பார்த்துவிட்டார். "நீங்க அழுத்திப் புடிக்கலீங் அம்மணி. கொண்டாங்க." துண்டுகளின் மறு ஓரத்தில் அவரே வெட்டினார், நாற்பது வருடக் கை, அசையவில்லை. சேர்த்தார். கட்டைவிரலால் தடவினார், காய்ப்புக் காய்த்து மரத்தைவிடக் கடினமான கட்டைவிரல். "பாருங், சரியாத்தானுங் இருக்குது." பார்த்தாள். நகத்தை வைத்தாள். மேல் ஓரத்தில் நின்றது. கீழ் ஓரத்தில் திரும்பி வருகையில் நின்றது. அதே இடம், அதே அளவு. கை என்றால் கைக்குக் கை மாற வேண்டும். இது மாறவில்லை. மாறாதது கையில் இல்லை. ஆலையில் இதைத்தான் செய்வார்கள், ஆளை மாற்றிப் பார்ப்பார்கள், ஆளை மாற்றியும் தடிப்பு அங்கேயே வந்தால் மிஷின். அவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் வாய் வரவில்லை. மரியாதையான மனிதர், பெட்டியைப் பிரித்திருக்கிறார், ஊதுபத்தி முக்கால் எரிந்திருக்கிறது. சரியா இருக்கு என்று சொல்ல, பன்னிரண்டு வயதுச் சாருவும் கருநீலப் புடவையில் அம்மாவும் அவளுக்கு முன்னால் வரிசையில் நிற்கிற மாதிரி இருந்தது. டேபிளில் ஐந்து பலகை, நான்கு இணைப்பு, நான்கிலும் இந்த ஓரம் ஏறி அந்த ஓரம் இறங்கி. அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இடக்கையால் தடவுவாள். ஒன்றும் சொல்லமாட்டாள். அதன் மேல் எதையாவது வைத்து மறைப்பாள். "இல்லீங்ண்ணா" என்றாள். சத்தம் வரவில்லையோ என்று இன்னொரு தடவை, "இல்லீங். ஏறியிருக்குது. நகத்த வெச்சுப் பாருங்" என்றாள்.

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அவள் காட்டின இடத்தில் நகத்தை வைத்தார். இழுத்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி இழுத்தார். அப்போது ஷட்டருக்கு அடியிலிருந்து பெயின்ட் பட்ட சட்டைக்காரர் ஒருவர், "அண்ணோவ், மூணு எம்ரி பேப்பரு" என்று நுழைந்தார். அவளுக்குக் கவுன்டரிலிருந்து ஒதுங்கி நிற்கக் கால் எழுந்தது. "இருப்பா. போணி அம்மணி. அவிங்க முடிச்சப்பறந்தான் நீயி" என்றார் அவினாசியப்பன், கண்ணாடியைக் கழற்றாமல். அவளிடம் திரும்பி, "மயிருக்குப் பாதி ஏறியிருக்குதுங். லாரியில அடிபட்டிருக்கும். இத நான் கம்பெனிக்கே திருப்பி அனுப்பறேன். நீங்க சொல்லலீன்னா இந்நேரம் வித்துப்போட்டு நிம்மதியா டீ குடிச்சிருப்பேன்" என்றார். திட்டா பாராட்டா என்று தெரியவில்லை. அவரே சிவப்புப் பெட்டியைப் பிரித்தார். அது பார்க்க லட்சணமாக இல்லை, கைப்பிடியில் பிளாஸ்டிக் பிசிறு, சுவிட்சை அழுத்தியதும் பெயின்ட்காரர் காதைப் பொத்திக்கொண்டு, "இதென்னங்க, மாவு மில்லா?" என்றார். அவள் சிரித்துவிட்டாள். முதல் ஓரத்தில் பழைய காடிக்குப் பக்கத்தில் இடம் இருந்தது, அங்கே வெட்டினாள். மிஷின் கையில் உதறியது, உதறலுக்கு எதிராகக் கொஞ்சம் பலமாகப் பிடிக்க வேண்டியிருந்தது. சில்லைச் செருகினாள். சேர்த்தாள். கொஞ்சம் தள்ளியிருந்தது, பக்கவாட்டில் நகர்த்தினாள், நகர்ந்தது, பென்சில் கோடும் கோடும் சேர்ந்தன.

அப்போதுதான் போன் அடித்தது. அம்மா. "என்ன, பசையா?" என்றாள் எடுத்த எடுப்பில், பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. "மிஷினுமா. பார்த்துட்டிருக்கேன்." மிக்ஸி நின்றது. "ரண்டு மாசமாப் பாக்கற. சரியா இருக்குதா?" அவினாசியப்பன் பார்த்துக்கொண்டிருந்தார், பெயின்ட்காரர் பார்த்துக்கொண்டிருந்தார், எல்லாருக்கும் சீக்கிரம் வேண்டியிருந்தது. இரு அம்மா என்றாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கொசுவலை ஓட்டை இருந்த பலகையில் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தாள். மேல் ஓரம். நடு. கீழ் ஓரம். திரும்பி வந்தாள். நகம் எங்கேயும் நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி இழுத்தாள், இணைப்பு எங்கே என்று கண்ணைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. "என்னடி, கேக்குதா? சரியா இருக்குதா?" செருப்புக்குள் விரல் எப்போது நீண்டதோ தெரியவில்லை, நீண்டிருந்தது. "சரியா இருக்குதுமா" என்றாள்.